தமிழ் பழகுவோம்: சொல்லிக் காட்டாமல் கொடுத்தார்



சென்ற இதழில் சின்ன ரகரமும் பெரிய றகரமும் நம் பிள்ளைகளைப் படுத்தும் பாட்டைப் பார்த்தோம். அதில் ஒரு சோடியை மட்டும் இந்த இதழுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். 'இரக்கம்', 'இறக்கம்' என்பதே அது. சின்ன ரகரம் போட்டால் பிறர் துன்பம் கண்டு மனம் இளகுவது. பெரிய றகரம் போட்டால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவது. தோட்டத்து மண் சாலையில் லாரி இறங்கும். பிள்ளை பசியோடு நின்றால் மனம் இரங்கும். "செல்வந்தர் ஏழைக்கு இறக்கத்தோடு உதவினார்" என்று ஒரு மாணவன் எழுதிவிட்டால், அந்தச் செல்வந்தர் மேட்டிலிருந்து உருண்டு வந்து உதவி செய்தார் என்று ஆகிவிடும். (சிலர் உதவி செய்கிற விதத்தைப் பார்த்தால் பெரிய றகரமே பொருத்தம் என்றும் தோன்றுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.)

"உதவினார்" என்பது வினைச்சொல். உதவினார் என்ற செய்தி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கேட்பவர் மனத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். எப்படி உதவினார்? இரக்கத்தோடு உதவினார், கனிவாக உதவினார், வேண்டாவெறுப்பாக உதவினார். இப்படி வினைக்கு முன்னால் வந்து நின்று, அந்தக் காரியம் நடந்த விதத்தைக் காட்டும் சொல்லை வினையடை என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். பழைய இலக்கணத்தில் இந்தப் பெயரோடு ஒரு தனிப் பிரிவு கிடையாது. தொல்காப்பியமும் நன்னூலும் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகவே பிரித்தன. ஆனாலும் 'எப்படி' என்ற கேள்விக்கு விடை சொல்லும் வழிகள் தமிழில் அன்றே நிறைய இருந்தன. அவற்றுள் அன்பையும் இரக்கத்தையும் காட்டும் சொற்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

எல்லாருக்கும் தெரிந்தது 'ஆக' சேர்ப்பது. அன்பு, அன்பாக, பொறுமை, பொறுமையாக, பாசம், பாசமாக. இந்த 'ஆக' எங்கிருந்து வந்தது? 'ஆகு' என்ற வினையிலிருந்துதான். அன்பாகப் பேசினார் என்றால் அந்தப் பேச்சே அன்பாக ஆகிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். 'ஓடு', 'உடன்' என்பவை வேறு. அவை கூடவே வருவதைக் காட்டுபவை. அன்போடு கொடுத்தார் என்றால் கையில் பொருளும் கூடவே அன்பும் வந்தன. அன்பாகக் கொடுத்தார் என்றால் கொடுத்ததே அன்பு. பேச்சு வழக்கில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறோம், அதில் குற்றமில்லை. எழுதும்போது மட்டும் ஒற்றைக் கவனியுங்கள். 'ஆக' வந்தால் பின்னால் வரும் க, ச, த, ப மிகும்: அன்பாகப் பேசினார், கனிவாகக் கேட்டார். 'ஓடு' வந்தால் மிகாது: அன்போடு பேசினார், பரிவோடு கேட்டார்.

சரி, அன்பு என்றாலும் கனிவு என்றாலும் பரிவு என்றாலும் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். ஒன்றல்ல.

'கனிவு' என்பது 'கனி'யிலிருந்து வருகிறது. காய் கனியாவது ஒரே நாளில் நடப்பதில்லை. இருந்து, வெயில் பட்டு, உள்ளிருந்து இளகி வர வேண்டும். ஆகவே கனிவாகப் பேசினார் என்று ஒரு பெரியவரைப் பற்றி எழுதினால் நன்றாக ஒட்டுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதினால் ஒட்டவில்லை. பிள்ளை ஆசையாகப் பேசும், பாசமாகப் பேசும். கனிவாகப் பேச அதற்கு இன்னும் வயது வேண்டும். 'பக்குவமாக' என்ற சொல்லும் இதற்கு உறவுதான். அது வடமொழியிலிருந்து வந்தது. வெந்தது, பழுத்தது என்பது அதன் மூலப்பொருள். சோறு பக்குவமாக வெந்தது என்கிறோம். கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொன்னார் என்றும் சொல்கிறோம். அடுப்படிச் சொல் அப்படியே துக்க வீட்டுக்கும் போய்விட்டது.

'பரிவு' துன்பத்தோடு சேர்ந்த சொல். கலியாண வீட்டில் யாரும் யாரையும் பரிவோடு வரவேற்பதில்லை, அன்போடுதான் வரவேற்கிறார்கள். படுத்திருப்பவரைப் பரிவோடு கேட்கிறோம். இரக்கமும் துன்பத்தோடு சேர்ந்ததுதான் என்றாலும், இரண்டுக்கும் நடுவே ஒரு வேறுபாடு எனக்குத் தெரிகிறது. இரக்கப்படுகிறவர் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கிறார். பரிவு காட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இலக்கண நூலில் இப்படி எழுதியிருக்காது. ஆனால் "உன்னைப் பார்த்தால் இரக்கமாக இருக்கிறது" என்று யாராவது நம்மிடம் சொன்னால் நமக்குச் சுருக்கென்று இருக்கிறதா இல்லையா?

திருக்குறளில் 'அன்புடைமை' எட்டாவது அதிகாரம், இல்லற இயலில் இருக்கிறது. 'அருளுடைமை' இருபத்தைந்தாவது அதிகாரம், துறவற இயலில் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுவது அன்பு. யார் எவர் என்று பாராமல் எல்லா உயிர்களிடமும் காட்டுவது அருள். ஐம்பத்தெட்டாவது அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. இந்தச் சொல்லை இன்று 'என் கண்ணோட்டத்தில்' என்று கருத்தைச் சொல்லப் பயன்படுத்துகிறோம். வள்ளுவர் காலத்தில் அதற்கு இரக்கம் என்று பொருள். பிறர் துன்பப்படும் இடத்துக்கு நம் கண் தானாக ஓட வேண்டும். கண் அங்கே போகவில்லை என்றால் மற்றவை எல்லாம் எங்கே போகும்?

இன்னொரு குடும்பம் இருக்கிறது; அதன் மேல் எனக்குத் தனி ஆசை. வாயார, மனமார, கண்ணார, வயிறார. இவற்றின் கடைசியில் நிற்கும் 'ஆர' என்பது 'ஆர்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. ஆர்தல் என்றால் நிறைதல். வாய் நிறைய வாழ்த்தினால் வாயார வாழ்த்தியது. மனம் நிறையப் பாராட்டினால் மனமாரப் பாராட்டியது. வயிறாரச் சாப்பிட்டான் என்ற சொல்லின் அருமை, விடியுமுன் வெறும் தேநீரோடு காட்டுக்குப் போய்ப் பகல் திரும்புகிறவர்கள் வீட்டில் தெரியும். தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டு, "வயிறார சாப்பிடுய்யா" என்று ஒரு தாய் சொல்லும்போது அந்த ஒரு வினையடைக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

இத்தனை சொற்கள் இருந்தும் நம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திறந்தால் என்ன இருக்கிறது? "அம்மா என்னை அன்பாகவும் பாசமாகவும் பரிவாகவும் வளர்த்தார்." நூறு கட்டுரையில் இதே வரி. இது அவர்கள் குற்றமில்லை. சொற்றொடர்ப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தது நாம்தான், ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து. ஆறாம் ஆண்டுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பட்டியல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அன்பாக, பாசமாக, பரிவாக என்று மூன்றையும் வரிசையில் நிறுத்தினால் அந்தத் தாயின் முகம் தெரிகிறதா? எந்தத் தாயாகவும் இருக்கலாம். கடன் கேட்டு எழுதும் கடிதத்திலும், கடனைத் திருப்பிக் கேட்டு எழுதும் கடிதத்திலும் கடைசியில் 'அன்புடன்' என்றே முடிக்கிறோம் அல்லவா? அதைப் போல.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி. 'என் பாட்டி' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதினார்கள். இவள் ஐந்து வரிதான் எழுதினாள். அதில் ஒரு வரி: "நான் பாட்டிக்கு அன்பாகக் கஞ்சி கொடுப்பேன்." மேசைக்குக் கூப்பிட்டு, "அன்பாக என்று எழுதியிருக்கிறாயே, எப்படிக் கொடுப்பாய்?" என்று கேட்டேன். இலக்கணத்துக்காகக் கேட்ட கேள்விதான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாட்டிக்கு வலது பக்கம் இழுத்துக்கிச்சு டீச்சர். வாயும் அந்தப் பக்கம் கோணிப் போச்சு. படுத்துக்கிட்டே கொடுக்கக் கூடாது. தலையணை வச்சு நிமித்தி உட்கார வச்சு, கஞ்சிய ஆத்தி, இடது பக்கமா கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும். முழுங்கிட்டாங்களான்னு பாத்துட்டுத்தான் அடுத்த கரண்டி. அவசரப்படுத்தினா புரையேறிடும். வழிஞ்சா, அவங்க வெட்கப்படாம நான் வேற பக்கம் பாத்துக்கிட்டே துடைச்சு விடுவேன்."

பக்கவாதம் வந்தவருக்கு உணவு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும், பலமாக இருக்கும் பக்கமாக ஊட்ட வேண்டும், விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். அதை அவள் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். ஆனால் 'வேறு பக்கம் பார்த்துக்கொண்டே துடைப்பது' எந்த மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தது? அது அவளே கண்டது.

இப்போது அவள் சொன்னதை இலக்கணக் கண்ணால் பாருங்கள். நிமிர்த்தி, உட்கார வைத்து, ஆற்றி, பார்த்து. இவை எல்லாம் வினையெச்சங்கள். ஒரு வினை முற்றுப் பெறாமல் நின்று அடுத்த வினைக்கு வழிவிடுவது வினையெச்சம். "ஆற்றிக் கொடுத்தாள்" என்பதில் 'ஆற்றி' என்பது எப்படிக் கொடுத்தாள் என்ற கேள்விக்கும் விடை சொல்கிறது. அதில் அன்பு என்ற சொல்லே இல்லை. ஆனால் 'அன்பாகக் கொடுத்தாள்' என்பதைவிட 'ஆற்றிக் கொடுத்தாள்' என்பதில் அன்பு கூடுதலாகத் தெரிகிறது. மீனில் முள் எடுத்து ஊட்டினார். குடையைப் பிள்ளை பக்கம் சாய்த்துப் பிடித்தார். குனிந்து காதருகே சொன்னார். இப்படி எழுதுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். 'ஆக' போட்டு எழுத யார் வேண்டுமானாலும் எழுதலாம். எதையும் பார்க்காமலே எழுதலாம். 'முள் எடுத்து' என்று எழுத வேண்டுமானால் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதி வரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள்.

சில நாள் கழித்து அவள் தாயார் பள்ளிக்கு வந்தார். செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் வேலை. பிள்ளை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எம் மாமியார்கிட்ட இந்தப் புள்ள பேசுற மாதிரி எனக்கும் பேசணும்னுதான் இருக்கு டீச்சர். நாலரைக்கு எந்திரிக்கிறேன். அவங்களைக் கழுவி, துணி மாத்தி, சோறாக்கி வச்சுட்டுப் பெரட்டுக்கு ஓடுறேன். திரும்பி வந்தா மறுபடியும் அதே வேலை. அன்பா, கனிவான்னு எனக்கு எங்கே டீச்சர் வரும்? வாயைத் திறந்தா எரிச்சல்தான் வருது."

வாசகச் சகோதரிகளே, இந்தத் தாயாரின் பேச்சை உங்களில் பலர் சொல்லாமலே அனுபவித்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கனிவாக இருங்கள், கனிவாக இருங்கள் என்று எழுதுவது சுலபம். மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து வந்தவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் தமிழில் 'ஆமல்' என்று ஒன்று இருக்கிறது. எதிர்மறை வினையெச்சம் என்பார்கள். முகம் சுளிக்காமல், அலுத்துக்கொள்ளாமல், சொல்லிக் காட்டாமல், வெடுக்கென்று பேசாமல். அன்பு வருகிற நாளில் அன்பாகச் செய்யலாம். வராத நாளில் 'ஆமல்' போதும். உடம்பெல்லாம் வலிக்கும்போது சிரித்த முகமாக இருக்க யாராலும் முடியாது. வாயை மூடிக்கொண்டு முகம் சுளிக்காமல் துணி மாற்ற முடியும். படுத்திருக்கும் அந்தக் கிழவிக்கும் அது போதும். அவர் எதிர்பார்ப்பது கொஞ்சல் அல்ல. தான் ஒரு சுமை என்று தன் காதுபடக் கேட்காமல் இருப்பது.

இதைச் சொன்னதும் அந்தத் தாயார், "அப்படின்னா நான் பாதி நாள் பாஸ்தான் டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

'சொல்லிக் காட்டாமல்' என்று ஒரு சொல் மேலே வந்தது. தமிழ்ச் சொற்களில் இதற்கு நான் முதல் வரிசையில் இடம் கொடுப்பேன். சொல்வது வேறு, சொல்லிக் காட்டுவது வேறு. "நான் உனக்கு ஐம்பது வெள்ளி கொடுத்தேன்" என்று கணக்குக்காகச் சொன்னால் அது சொல்வது. நாலு பேர் இருக்கும் இடத்தில், வாங்கியவர் புதுச் சட்டை போட்டு வந்த நாளில், அதே வாக்கியத்தைச் சொன்னால் சொல்லிக் காட்டுவது. சொற்கள் ஒன்றுதான், 'காட்டு' என்ற துணைவினை வந்து கொடுத்ததை எல்லாம் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். இந்த வீட்டில் அரிசி இல்லை என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். கிண்ணத்தில் அரிசி கொண்டுவந்து, "நேத்து கூடுதலா வாங்கிட்டேன்க்கா, வச்சுக்கங்க" என்று கொடுத்து, அதை மறுபடி வாயால் சொல்லாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் எழுதும்போது 'இரக்கத்தோடு கொடுத்தார்' என்று எழுதினால் குறைத்துவிட்டதாகும். சொல்லிக் காட்டாமல் கொடுத்தார் என்று எழுத வேண்டும். முதலில் பெரிய றகர உதவி என்று சொன்னேனே, அது இதற்கு நேர் எதிர்: மேட்டில் நின்று, கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கும்படி கொடுப்பது.

நம் வேலைக்காட்டிலும் இந்தச் சொற்கள் இருக்கின்றன. பால் மரம் சீவுகிறவர்களிடம் 'பதமாக' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். ரப்பர் மரத்தில் பால் ஓடும் நாளங்கள் பட்டையின் உட்புறத்தில்தான் கூடுதலாக இருக்கின்றன. மேலாகச் சீவினால் பால் குறையும். கொஞ்சம் ஆழமாகப் போய்ப் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்படலத்தில் உளி பட்டுவிட்டால் மரம் காயப்படும். பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அதில் மறுபடி நேராகச் சீவ முடியாது. அதனால்தான் பழைய ஆட்கள் புதியவர்களுக்குக் காயப்படுத்தாமல், அவசரப்படாமல், பதமாகச் சீவக் கற்றுக் கொடுத்தார்கள். இன்று தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. உளி பிடிக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. 'பதமாக' என்ற சொல்லாவது பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. வயசுப் பிள்ளைகளைக் கண்டிக்கிற வீட்டுக்கு அந்தச் சொல் இன்னும் தேவைப்படுகிறது.

பேச்சு வழக்கையும் தள்ளிவிடக் கூடாது. 'தயவு செய்து' என்பது ஏட்டில் இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நம் வீடுகளில் யாராவது "தயவு செய்து தண்ணீர் கொடு" என்று கேட்டிருக்கிறோமா? "கொஞ்சம் தண்ணி கொடும்மா" என்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' தண்ணீரின் அளவு அன்று. ஒரு குவளை நிறையத்தான் வேண்டும்! கேட்கிற விதத்தை மெதுவாக்க வந்த சொல் அது. "கொஞ்சம் நகருங்க", "கொஞ்சம் பாருங்க" என்பதிலும் அப்படித்தான். 'சும்மா' என்ற சொல்லும் சிறப்பானது. "சும்மா வச்சுக்க" என்று கொடுத்தால், திருப்பித் தர வேண்டாம், நன்றிகூட வேண்டாம் என்று பொருள். 'பார்த்து' இருக்கிறது. "பாத்துப் போய்யா" என்று பாட்டி சொன்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு போ என்றா பொருள்? உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பொருள். 'பைய' என்று ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மெல்ல என்பதற்கு அது இன்னும் பழைய உறவு.

மலாய்க்காரரும் விடைகொடுக்கும்போது, "ஜாலான் பாயிக்-பாயிக்" என்பார்கள். பாயிக் என்றால் நல்லது. இரண்டு முறை சொன்னால் நல்லபடியாக, கவனமாக என்று வினையடை ஆகிவிடுகிறது. மெதுவாக என்பதற்கு 'பெலான்-பெலான்'. நம் 'மெல்ல மெல்ல' போலவே அதுவும் இரட்டிக்கிறது. 'ஹாத்தி-ஹாத்தி' என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஹாத்தி என்றால் உள்ளம். உள்ளம் உள்ளம் என்று இரண்டு தடவை சொன்னால் ஜாக்கிரதை என்று பொருள்! சாலை ஓரத்து எச்சரிக்கைப் பலகையில்கூட உள்ளத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதை ஒரு காரணத்தோடு சொல்கிறேன். இன்று நம்மோடு காட்டில் நிற்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் நாம் பேசும் மலாய் பெரும்பாலும் வினைச்சொல் மட்டும்தான்: வா, போ, தூக்கு, எடு. வினையடையே கிடையாது. நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களிடமும் வேலை வாங்கியவர்கள் வெறும் வினைச்சொல்லில்தான் பேசினார்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'தோலோங்' என்று ஒரு சொல்லை முன்னால் போட்டால் என்ன? உதவி என்பதுதான் அதன் பொருள். நம் 'கொஞ்சம்' செய்கிற வேலையை அது செய்யும்.

முடிக்குமுன் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. வினையடையை அதற்குரிய வினைக்குப் பக்கத்தில் வையுங்கள். "அவள் பொறுமையாக அழுத குழந்தையைத் தேற்றினாள்" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். பொறுமையாக அழுகிற குழந்தையை நான் இன்னும் கண்டதில்லை. "அழுத குழந்தையைப் பொறுமையாகத் தேற்றினாள்" என்று எழுதினால் பொறுமை தாயிடம் போய்ச் சேர்ந்துவிடும். "கனிவாகப் பேசிய தாதியிடம் நன்றி சொன்னோம்" என்றால் கனிவு தாதிக்கு உரியது. "பேசிய தாதியிடம் கனிவாக நன்றி சொன்னோம்" என்றால் கனிவு நமக்கு வந்துவிடும். இடம் மாறினால் பாராட்டும் ஆள் மாறிப் போய்விடும்.

இந்த மாதப் பயிற்சி இது. கீழே உள்ள மூன்று வாக்கியங்களிலும் கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். நிபந்தனை ஒன்று: ஆக, ஓடு, உடன் மூன்றும் வரக் கூடாது. மூன்றில் ஒன்றிலாவது 'ஆமல்' வர வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவை ______ கிளினிக்குக்கு அழைத்துச் சென்றான்.

அக்காள் தம்பிக்கு ______ தலை வாரினாள்.

வேலை முடிந்து வந்த அம்மாவுக்கு மகன் ______ தேநீர் கொடுத்தான்.

பள்ளிப் பிள்ளைகள் எந்த ஆண்டு என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். பெரியவர்களும் எழுதலாம். சென்ற பயிற்சிக்கு வந்த விடைகளில் ஒரு பாட்டியார் பேரனிடம் சொல்லி எழுத வைத்ததுதான் முதலாவதாக வந்தது. அடுத்த இதழில், இன்று தொட்டுவிட்டு விட்ட ஒற்று மிகும் இடங்களை விரிவாகப் பார்ப்போம். 'வாழ்த்து கூறினார்' சரியா, 'வாழ்த்துக் கூறினார்' சரியா என்ற சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.